அலைமேல ஏறப் போறியாமே, தம்பி!

இலங்கையில வெலிகமவுக்குப் போறியாமே? சர்ஃபிங் கத்துக்கப் போறியாமே? எனக்கு யாரும் சொல்லல. ஒரு வாரமா உன் பேருக்கு வர்ற பார்சலைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டன். கருப்புக் கண்ணாடி. பூப்போட்ட டவுசர். மூஞ்சில பூசிக்கற வெள்ளைப் பசை. நெத்தியில கட்டிக்கற காமிரா. நம்ம கேட்டு வாச்மேன், "அஜ்ஜா, நாலாவது மாடித் தம்பிக்குக் கல்யாணமா?"ன்னு கேக்கறான். என்னன்னு சொல்லுவன்? பலகைமேல நிக்கப் போறான்டா, அதுக்குத்தான் இம்மாஞ் சீருன்னு சொன்னன்.

கோவிச்சுக்காத. தாராளமாப் போயிட்டு வா. ஆனா கெழவன் சொல்றதை ரெண்டு காதுலயும் வாங்கிட்டுப் போ. ஒரு காதுல ப்ளூடூத்து சொருகியிருக்குதே, அதைக் கொஞ்சம் கழட்டு.

மொதல்ல வழி. நீ பாக்கப் போற கடலு நமக்குத் தெக்கால இருக்குது. ஏரோப்ளேன் ஏறற எடம் பெங்களூருக்கு வடக்கால, தேவனஹள்ளியில இருக்குது. தெக்க போறதுக்கு வடக்க போவணும். எந்த மவராசன் போட்ட கணக்கோ! நம்ம சந்தாபுரா சர்க்கிளைத் தாண்டறதுக்கே ஒரு பொறுமை வேணும். அப்பால எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால்னு அறுபது கிலோமீட்டருக்கு மேல. மெட்ரோ 2025 ஆகஸ்ட்ல வந்துச்சு. வந்தது பொம்மசந்திராவுலயே நின்னுக்கிச்சு, நம்ம ஊருக்குள்ள கால் வெக்கல. நீ பெங்களூரைத் தாண்டி முடிக்கறதுக்குள்ள ஒரு ஏரோப்ளேன் கொழும்புக்குப் போயி, பாதி தூரம் திரும்பியும் வந்துடும். அங்க கட்டுநாயக்க ஏர்போர்ட்டுல எறங்கி மறுபடியும் ரெண்டு ரெண்டரை மணி நேரம் ரோட்டுல போவணும்.

தண்ணிக்கு இம்மாந் தூரம் போவணுமா, நம்ம சந்தாபுரா ஏரி இல்லியான்னு கேட்டா மூக்கைப் பொத்துவே. அதுவும் நியாயம்தான். 2022-ல பசுமைத் தீர்ப்பாயம் இந்த ஏரியைப் பாழாக வுட்டதுக்காக கர்நாடக அரசு மேல 500 கோடி ரூவா அபராதம் போட்டுது. அந்தத் தண்ணியில நீ விழாம நிப்பியா மாட்டியாங்கறது அப்பறம். பலகை கரையாம வெளிய வருமான்னு மொதல்ல பாக்கணும்.

சரி, எந்த மாசத்துக்கு டிக்கெட் போட்டிருக்கே? ஜூலையா? பாதி வெலைக்குக் கெடச்சுதா? அவன் ஏன் பாதி வெலைக்குக் குடுக்கறான்னு யோசிச்சியா? வெலிகம பக்கம் நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும்தான் கடலு பதமா இருக்கும். மே பொறந்துட்டா தென்மேற்குக் காத்து வந்துடும். கடலு கலங்கிப் போயி, கத்துக்கப் போனவன் ஓட்டல் ரூம்ல உக்காந்து ஜன்னல் வழியா மழையைப் பாத்துக்கிட்டிருப்பான். மழை பாக்க இங்கயே பால்கனி இருக்குது. "அலை ஓய்ந்து கடலாடுவது எப்போ"ன்னு பெரியவங்க கேட்டாங்க. உங்க கூட்டத்துக்கு அலையே வேணும், ஆனா எந்த அலை வேணும்னுதான் தெரியல.

ஜூலையில போறதுன்னா தீவோட கெழக்குப் பக்கம் போ. பொத்துவில் பக்கத்துல அறுகம்பே. அங்க சீசன் அப்பதான், அக்டோபர் வரைக்கும் ஓடும். சனங்களும் நம்ம பாஷைதான் பேசறாங்க, வெலை கேட்டா சிரமம் இருக்காது. ஆனா அங்க மெயின் பாயின்ட்டுன்னு ஒண்ணு இருக்குது. ஒலகத்துல கை தேர்ந்தவன்லாம் வந்து ஏறற அலை, அடியில பாறை. நீ அங்க போயிடாத. கொஞ்சம் தள்ளி பேபி பாயின்ட்டுன்னு ஒண்ணு இருக்குது. பேரைப் பாத்து வெக்கப்படாம அங்க போ.

வெலிகமன்னா அந்தப் பாறைக் கவலை இல்ல. அகலமான குடா, அடியெல்லாம் மணலு. விழுந்தா மானம்தான் போவும், மண்டை போவாது.

இப்பப் பாடத்துக்கு வருவம். கடலுக்குக் காசு கட்டிட்டு, மொத அரை மணி நேரம் மணல்ல குப்புறப் படுக்கப் போறே. தெரியுமா? மணல்ல பலகை மாதிரி கோடு கிழிச்சு, அதுமேல வயித்தை வெச்சுப் படுத்து, ரெண்டு கையாலயும் மணலைத் தொழாவணும். பொறவு "அப்"புன்னு கத்துவான். நீ கையை ஊனி, ஒரே தாவுல காலை அடியில கொண்டாந்து குந்தின மேனிக்கு நிக்கணும். பல்லு வெளக்கறதைக் கூட நாற்காலியில உக்காந்துக்கிட்டே செய்யற தலைமுறை நீங்க. குந்தறதுன்னா என்னான்னே மறந்துபோன முட்டி அது. மணல்ல எழுந்திரிக்கறதுக்குள்ளயே "அம்மா"ன்னுவே. பக்கத்துல ஒரு ரஷ்யாக்காரப் பாட்டி அலட்டிக்காம எழுந்து நிக்கும், பாரு.

அப்பால எந்தக் காலு முன்னால வரும்னு பாப்பான். அதுக்கு ஒரு வைத்தியம் வெச்சிருக்கான். நீ சும்மா நிக்கறப்ப பின்னாலேருந்து லேசாத் தள்ளிவுடுவான். எந்தக் காலு தானா முன்னால போவுதோ அதுதான் முன் காலு. எடது முன்னால வந்தா ரெகுலர், வலது முன்னால வந்தா கூஃபி. அம்புட்டுதான் சங்கதி. ஆனா உன்னைய எனக்குத் தெரியும். ஊரு திரும்பறதுக்குள்ள "நான் ஒரு கூஃபி"ன்னு இன்ஸ்டாகிராம்ல பேருக்குக் கீழ போட்டுக்குவே. இந்தத் தள்ளுமுள்ளைத்தான் நாங்க ரேசன் கடை வரிசையில வருசக்கணக்காப் பழகினம். எந்தக் காலு முன்னால போச்சுன்னு எவன் குறிச்சு வெச்சான்?

பலகை குடுப்பான் பாரு, எட்டு ஒம்பது அடி நீளம். மேல மெத்து மெத்துன்னு ஸ்பாஞ்சு. பாத்த ஒடனே உன் மூஞ்சி சுருங்கும். "ப்ரோ, அந்தச் சின்னதா, கூரா, வெள்ளையா இருக்குதே, அது குடுங்க"ம்பே. போட்டோவுல அதுதானே எடுப்பா இருக்கும்? அது தேர்ந்தவனுக்கு, தம்பி. நீளமும் அகலமும் இருந்தாத்தான் பலகை ஆளைத் தாங்கும், ஆட்டம் கம்மியா இருக்கும், மொள்ள வர்ற அலையில கூட நவுரும். அந்தக் கூர்ப் பலகையில நீ படுத்தாலே பாதி முழுவிடும். மண்டையில பட்டா ஸ்பாஞ்சு நல்லதா, கட்டை நல்லதா? நீயே சொல்லு.

காலுல ஒரு கவுறு கட்டுவான். லீஷுன்னு பேரு. பாத்தப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க ஊத்தங்கரைப் பக்கம் கெணத்துல நீச்சல் கத்துக்குடுக்கறது எப்பிடி தெரியுமா? காஞ்ச சுரைக்குடுக்கையை முதுகுல கட்டி, இடுப்புல கவுத்தைப் போட்டு, தாய்மாமன் மேட்டுலேருந்து ஒரு தள்ளு. "மாமா வேணாம்"னு கத்தி முடிக்கறதுக்குள்ள தண்ணிக்குள்ள இருப்பம். மூக்குல, வாயில, காதுல தண்ணி. கெணத்து மேட்டுல ஊரே நின்னு சிரிக்கும். நாலு நாளுல குடுக்கை கழண்டுடும், பத்து நாளுல கவுறும் கழண்டுடும். ஃபீஸு கெடையாது, சட்டை கெடையாது, சொல்லப்போனா கோவணத்துக்கு மேல ஒண்ணுமே கெடையாது. நீ கட்டிக்கப் போறதும் அந்தக் கவுறுதான். எங்க கவுத்தோட மறு முனை மாமன் கையில இருந்துச்சு, உன் கவுத்தோட மறு முனை பலகையில இருக்குது. அதுதான் வித்தியாசம். நீ விழுந்தா பலகை எங்கயும் போவாது, சுண்டித் திரும்பி உன்கிட்டயே வரும். அதனால தண்ணிக்குள்ளேருந்து எழுந்திரிக்கறப்ப ரெண்டு கையாலயும் மண்டையை மூடிக்கிட்டு எழுந்திரி. பலகையை உனக்கும் அலைக்கும் நடுவால வெச்சுக்காத, மூஞ்சிலயே அடிக்கும். தலைகுப்புறப் பாயாத, இடுப்புத் தண்ணியில மண்ணுல போயிக் குத்தும். முதுகோ பொச்சோ மொதல்ல படற மாதிரி தொப்புன்னு விழு. அழகா விழணும்னு பாக்காத. அதை எவனும் காமிராவுல எடுக்கப் போறதில்ல.

இப்பச் சொல்றதைக் கவனமாக் கேளு. உனக்குப் பாடம் சொல்லப் போறவன் அந்தக் கரையில பொறந்து வளந்த பையனா இருப்பான். வெயில்ல வெந்து தலைமயிரு செம்பட்டையாயிருக்கும். மார்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, உன் பலகையோட வாலைப் புடிச்சிருப்பான். நீ அவனைப் பாப்பே. அவன் உன்னைப் பாக்கமாட்டான். உன் தலைக்கு மேல கடலைப் பாத்துக்கிட்டிருப்பான். ஒரு அலை வரும், வுட்டுடுவான். இன்னொண்ணு வரும், அதையும் வுட்டுடுவான். உனக்குப் பொறுக்காது. "ப்ரோ, அது நல்லா இருந்துச்சே?"ம்பே. ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோன்னு காசு குடுத்திருக்கமே, அலையை வீணடிக்கறானேன்னு உனக்கு வயித்தெரிச்சல். திடீர்னு ஒண்ணு வரும். எல்லாம் ஒண்ணாத்தான் உனக்குத் தெரியும். "கை போடு, கை போடு"ன்னு கத்தி ஒரே தள்ளு தள்ளுவான். அதுல நிப்பே.

அந்த அலை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? இலங்கைக்குத் தெக்கால தென்துருவத்துப் பனி வரைக்கும் தடுக்கறதுக்கு நெலமே இல்ல, அம்புட்டும் தண்ணி. அந்தக் கோடியில எங்கியோ புயல் அடிச்சு, அது கெளப்பின அலை நாள் கணக்கா, ஆயிரமாயிரம் கிலோமீட்டர் நடந்து வருது. கூட்டம் கூட்டமா வரும். ஒரு கூட்டம் போனா கொஞ்ச நேரம் சும்மா கெடக்கும். கரைகிட்ட வந்ததும் அடி தரையில ஒரசி வேகம் கொறையும், தலை மட்டும் முன்னால சாயும், அப்பத்தான் ஒடையும். இந்தக் கூட்டத்துல எது உன் எடையைத் தூக்கும், எது உன்னைக் கவுத்தும்னு அவன் பாக்கறான். அந்தப் பார்வை அவனுக்கு வர எத்தினி வருசம் ஆயிருக்கும்? பலகை வாடகை, சட்டை வாடகை, போட்டோ பேக்கேஜுன்னு நீ கணக்குப் போட்டு வெச்சிருக்கே. அந்தப் பார்வைக்கு பில்லுல வரியே கெடையாது. நீ காசு குடுக்க வேண்டியது அதுக்குத்தான். போறப்ப கையில தனியா ஏதாச்சும் குடுத்துட்டு வா. யூடியூபுல பாத்துட்டு வந்தேன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத. ஏட்டுச் சுரைக்காயைத் தூக்கிக்கிட்டு அவன்கிட்ட வர்ற மொத ஆளு நீயில்ல.

ஒண்ணு கேளு அவன்கிட்ட. எங்க நிக்கக் கூடாதுன்னு கேளு. ரெண்டு பக்கமும் அலை ஒடஞ்சு நொரை தள்ளும், நடுவுல ஒரு எடம் மட்டும் அலையில்லாம, கருத்தாப்ல அமைதியாக் கெடக்கும். உன்னையாட்டம் புத்திசாலி அங்கதான் போயி நிப்பான். கரைக்கு ஏறின தண்ணியெல்லாம் திரும்பிப் போற வழி அது. ஆளையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போவும். மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து எதுத்து நீந்தாத, சோந்துடுவே. கரைக்குச் சமமாப் பக்கவாட்டுல நீந்தி வெளிய வா. பலகை இருந்தா அதை வுடாத.

நிக்கப் போறது ரெண்டு செகண்டு. அதுக்கப்பறம்தான் உன் கூத்து. ராத்திரி கொத்து ரொட்டி தின்னுட்டு, லிங்க்ட்இன்ல எழுதுவே: அலை எனக்குத் தலைமைப் பண்பு கத்துக்குடுத்துச்சு, விழுந்து எழுந்தேன், அஞ்சு பாடம். ஏன்டா, விழுந்து எழுந்திரிக்கறதுக்கா தீவுக்குப் போனே? மழைக்காலத்துல ஆனேக்கல் ரோட்டுல ஸ்கூட்டர்ல போ, தெனம் கெடைக்கும் அந்தப் பாடம். வெலிகம கிட்டவே கொக்கல பக்கம் கடலுக்குள்ள கம்பு நட்டு, அதுமேல ஆளுங்க தூண்டில் புடிச்சு உக்காந்திருப்பாங்க. ஒரு காலத்துல நெசமா மீன் புடிச்சவங்க. இப்பப் பாதிப்பேரு போட்டோவுக்குத்தான் ஏறி உக்கார்றாங்க, எறங்கி வந்து காசு கேப்பாங்க. அவங்க மீன் புடிக்கற மாதிரி நடிக்கறாங்க, நீ அலை ஓட்டற மாதிரி நடிக்கறே. அவங்களுக்காச்சும் கூலி வருது.

இதுல இன்னொரு வேடிக்கை. இந்த வித்தைக்கு நீ கடல் தாண்டவே வேணாம். மங்களூர் பக்கத்துல முல்கியில 2004-லயே ஒரு அமெரிக்கச் சாமியாரு ஆசிரமம் போட்டு, காலையில பூசை, அப்பால பலகைன்னு ஆரம்பிச்சு வெச்சாரு. கோவளத்துல, நம்ம சென்னைக்குத் தெக்கால, மூர்த்தி மேகவன்னு ஒரு மீனவரு. தானாக் கத்துக்கிட்டு, அருண் வாசுன்னு ஒருத்தரோட சேந்து 2012 வாக்குல ஊருப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடமே தொறந்தாரு. குடி கூடாது, பீடி சிகரெட்டு கூடாது, பலகை மட்டும்தான்னு சட்டம். பந்தைப் பறந்து புடிப்பாரே ஜான்டி ரோட்ஸ், அவரே வந்து அந்தக் கடல்ல ஏறினாரு. 2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசியப் போட்டி நடந்துச்சு. ரமேஷ் புதிஹால்னு நம்ம கர்நாடகத்துப் பையன் வெண்கலம் வாங்கினான். உனக்குத் தெரியுமா? தெரியாது. அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி, சென்னைக்குத் துறைமுகமே இல்லாத நாள்ல, கப்பலெல்லாம் தூரத்துல நிக்கும். கடுதாசியைக் கூம்புத் தொப்பிக்குள்ள நனையாம சொருகிக்கிட்டு, கட்டுமரத்துல அலையைக் கிழிச்சுக்கிட்டுப் போவான் நம்ம ஆளு. அவன் காலுல கவுறும் இல்ல, நெத்தியில காமிராவும் இல்ல. ராத்திரி பஸ் ஏறினா விடியறப்ப அவன் கரையில எறங்கலாம். ஆனா கோவளம்னு ஸ்டேட்டஸ் போட்டா எவன் லைக் போடுவான்?

சரி, டிக்கெட் எடுத்துட்டே, போ. பாடத்துக்கு முந்தி வயிறு முட்டத் தின்னாத, அந்த வயித்துமேலதான் படுக்கப் போறே. முதுகு மூடற சட்டை போடு, இல்லேன்னா தோலு உரிஞ்சு, வந்ததும் ஆபீசு நாற்காலியில சாய முடியாது. வெலாவுல வலி ரெண்டு நாளு இருக்கும், அது பலகையோட கையெழுத்து.

இன்னொண்ணு, இதை எவனும் சொல்லமாட்டான். குடிச்ச உப்புத்தண்ணி மூக்குக்குள்ள எங்கியோ பதுங்கியிருக்கும். ஊரு வந்து சேந்து, குளிச்சு, செண்டு அடிச்சு, எல்லாம் ஆயிடுச்சுன்னு நெனைப்பே. குனிஞ்சா போதும், கொட்டாங்கச்சி அளவு தண்ணி கொடகொடன்னு மூக்கு வழியா ஊத்தும். அதனால திங்கக்கெழமை காலையில மீட்டிங்குல மேனேஜர் முன்னால மட்டும் குனிஞ்சிடாத. அந்த ஒரு வாரமாச்சும்.