ரோமாபுரிப் படையும் நெத்திலிக் கருவாடும்

ரோமாபுரிச் சிப்பாய் ஓர் ஊருக்குள் கால் வைத்தால் தடயம் வைக்காமல் போகமாட்டான். கெல்ட் இனத்தாரை வளைத்துப் பிடிக்க கி.மு. 52இல் ஜூலியஸ் சீசர் அலேசியாவைச் சுற்றி வெட்டிய அகழிகளை, மூன்றாம் நெப்போலியன் 1860களில் ஆள் விட்டுத் தோண்டிக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் மெய்டன் காசிலில் மார்ட்டிமர் வீலர் 1930களில் தோண்டியபோது, ஒரு கெல்ட்டுக்காரரின் முதுகெலும்பில் இரும்பு அம்புமுனை குத்தியபடியே கிடைத்தது. படை வந்துபோனதற்கு இதைவிட நல்ல ரசீது வேண்டுமா?

அதே வீலர் 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்தார். சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில் ரோமானியச் சாடியின் உடைந்த துண்டைக் கண்டார். எங்கே எடுத்தது என்று கேட்டார். அரிக்கமேடு என்றார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து கரையோரமாகவே வடக்கே போனால், கடலூரைத் தாண்டி, பாண்டிச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால். 1945இல் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

இத்தாலியத் தட்டுகள் வந்தன. செங்கல் கட்டடம் வந்தது. சாடிகள் வந்துகொண்டே இருந்தன. படைவீடு மட்டும் வரவில்லை. கெல்ட்டுகளிடம் அம்போடு போனவர்கள் நம்மிடம் பெரும்பாலும் ஒயினோடு வந்திருக்கிறார்கள். அதிலும் சில சாடிகள் ஊறவைத்த மீன்சாறு ஏற்றி வந்தவை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். நெத்திலியும் கருவாடும் மணக்கும் கரைக்கு, அத்தனை கடல் தாண்டி மீன்சாறு! கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கிளம்பிய முதல் ஆசாமி இவனாகத்தான் இருக்கவேண்டும். அவர்கள் ஊரில் பிளினி என்பவர், ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சுகிறது என்று ஒப்பாரி வைத்தார். மிளகும் மணியும் மெல்லிய துணியும் சும்மாவா வரும்?

யவனர் என்று நம் பழம்பாட்டுகள் சொல்லும் ரோம, கிரேக்கச் சிப்பாய் இங்கே இல்லவே இல்லை என்றும் சொல்லமுடியாது. முல்லைப்பாட்டில் அரசன் பாசறைக்கு யவனர் காவல் நிற்கிறார்கள்; அதாவது, வாட்ச்மேன் வேலை. வாலாட்டியவர்கள் கதை பதிற்றுப்பத்தின் பதிகத்தில் இருக்கிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் அவர்கள் கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய்யை ஊற்றி, விலையுயர்ந்த கலங்களையும் வைரத்தையும் கறந்துகொண்டுதான் விட்டானாம். அலேசியாக்காரர்களுக்கு இந்த உத்தி தெரியாமல் போனது பாவம்.

பரங்கிப்பேட்டைக்கு ஐரோப்பியப் படை நிஜமாகவே வந்தது 1781இல். வந்த கூட்டத்தில் கெல்ட் வம்சத்தாரும் உண்டு: ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பட்டாளம். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் முதலில் சிதம்பரம் கோயில் மதிலில் மோதி, உதை வாங்கித் திரும்பினார். நடராசர் காலைத் தூக்கியே நிற்பவர், கவனித்திருக்கவேண்டும். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டைக்கு அருகே, 8,000 சொச்சம் ஆட்களோடு ஹைதர் அலியின் பெரும்படையை எதிர்கொண்டு ஜெயித்தார். குண்டு பறக்கும் நேரத்தில் பட்டாளத்துப் பைக்குழல்காரர்கள் நிறுத்தாமல் ஊதினார்களாம்; அதுவரை அந்தக் குழலை மதிக்காத கூட், வெள்ளிக்குழல் வாங்கப் பணம் கொடுத்தார் என்பது பட்டாளத்துக் கதை.

அரிக்கமேட்டுச் சாடிகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போனால் பாருங்கள், ஈட்டி எங்கே என்று அங்கிருப்பவரைப் படுத்தாதீர்கள்.