ஊதத் தெரிந்தவன்

மூச்சு விடுகிற வேலையை என் பொறுப்பில் விட்டிருந்தால் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன். நல்லவேளை, மூளையின் அடியில் இருக்கும் முகுளம் அதைப் பார்த்துக்கொள்கிறது. நான் தூங்கினாலும் சீரியல் பார்த்தாலும் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை அது பாட்டுக்கு நடக்கிறது. நானாகத் தலையிட்ட இடங்களில்தான் வம்பு.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மறுநாள், நர்ஸம்மா ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தார். மூன்று கூண்டு, மூன்று பந்து, ஒரு குழாய். குழாயைக் கண்டதும் ஊதினேன். பந்து அசையவில்லை. கன்னம் உப்ப மறுபடி ஊதினேன். தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. பந்துகளுக்கு அதைப் பற்றி என்ன?

"ஊதாதீங்க சார், உள்ளே இழுங்க. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பீங்கல்ல, அப்படி!"

இழுத்தேன். கூண்டுகளின் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருந்தது. நொடிக்கு அத்தனை மில்லிலிட்டர் காற்றை இழுத்தால் அந்தந்தப் பந்து மேலே போகும். 600 பாதி ஏறி, யோசித்து, இறங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில் தாத்தா மூன்றையும் உச்சியில் நிறுத்தியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடியிலுள்ள காற்று நுண்ணறைகள் சுருங்கிப்போகும், சளி தங்கும், நிமோனியா வரலாம். அதற்குத்தான் இந்தப் பந்து விளையாட்டு. உழைப்பெல்லாம் உள்ளே இழுப்பதில்தான். உதரவிதானம் கீழே இறங்க வேண்டும், விலா எலும்புகள் உயர வேண்டும், மார்புக்கூடு விரிய வேண்டும். சும்மா இருக்கும்போது வெளியே விடுவதற்கோ எந்தத் தசையும் மெனக்கெட வேண்டாம். விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கிக்கொள்ளும். அந்தச் சும்மா நடக்கும் பாதியில்தான் நான் கன்னம் உப்ப வீரம் காட்டியிருக்கிறேன்.

உள்ளே இழுக்கத் தெரியாதது இன்ஹேலரிலும் காட்டிக்கொடுத்தது. மார்கழி பிறந்தால் எனக்கு வீசிங் வரும். மருந்தை அழுத்துவேன், 'புஸ்' என்ற சத்தத்தை ரசிப்பேன், அப்புறம் மூச்சை இழுப்பேன். "இந்த மருந்தெல்லாம் சுத்த வேஸ்ட்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். ஒருநாள் டாக்டர், எங்கே செய்து காட்டுங்கள் என்றார். காட்டினேன். "நாக்குக்கு ஆஸ்துமா இல்லையே சார்" என்றார். மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டுமாம். இழுத்ததைப் பத்து நொடி பிடித்து வைக்க வேண்டுமாம். தினமும் போடச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலரை மூச்சு திணறும் அன்று மட்டும் எடுத்ததையும் அவரிடம் சொல்லித் தொலைத்தேன். மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றவைக்கிற மருந்து அது, அவசரத்துக்கு உதவாது. கைப்பழக்கம் வராதவர்களுக்கென்று அவர் எழுதிக்கொடுத்த, இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாயை இப்போது பேரன் ஒலிபெருக்கியாக வைத்திருக்கிறான்.

பிராணாயாமம் தனிக் கதை. குருவெல்லாம் எதற்கு என்று மொட்டைமாடியில் நானே ஆரம்பித்தேன். வேகவேகமாக இழுத்து விட்டால் ஆக்சிஜன் ஏறும் என்று கணக்கு. விரல் மரத்தது, உதடு குறுகுறுத்தது, தலை சுற்றியது. குண்டலினி கிளம்பிவிட்டது என்று கீழே வந்து அறிவித்தேன். "வெறும் வயித்துல மாடி ஏறுனா அப்படித்தான்" என்றாள் மனைவி. இருவருக்கும் பெயில் மார்க். நல்ல நிலையில் உள்ள ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கும். மேலே ஏற்ற இடமில்லை. நான் ஊதித் தள்ளியது கரியமில வாயுவை. அது அளவுக்கு மீறிக் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும்.

இத்தனை ஞானத்தையும் வைத்துக்கொண்டு, சிகரெட் பிடிக்கும் மச்சினனுக்கு ஒரு மாலை முழுக்க நுரையீரல் பாடம் எடுத்தேன். ராத்திரி ஜன்னலை இறுக்கிச் சாத்தி, கொசுவத்தியைக் கொளுத்திவிட்டுப் படுத்தேன். சீனத்து, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. ஒரு சுருள் கக்கும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்கிறது. அதைக் கண்டுபிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவன் மச்சினன்தான். கூடவே ஒரு வரி: "மாமா, நான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்தான்."