விடுமுறைச் சாதகம்: சித்தூர், திருப்பதி வட்டார வழக்குகள் குறித்த ஓர் ஆய்வு

விடுமுறைச் சாதகம் என்பது பள்ளி இல்லாத நாட்களில் பிள்ளை வீணைமுன் தானாக உட்காருவது, அல்லது உட்கார வைக்கப்படுவது. முதல் வகைக்குச் சான்று கிடைக்காமையால் இரண்டாவதே இங்கு ஆராயப்படுகிறது. காலம், ஆந்திரப் பள்ளிகள் மூடும் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஜூன் 12 வரை. களம், 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் ஒன்றாக இருந்து 2022-இல் பிரிந்துபோன சித்தூரும் திருப்பதியும். பிரிவினைக்கும் வீணைக்கும் தொடர்பில்லை. ஆனாலும் மாவட்ட எல்லை சொல்லாத கட்டுரையை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது.

சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை ராகமும் ஆதி தாளமும் மூன்று காலங்களும் விதிக்கப்பட்டுள்ளன. விடுமுறையில் நான்காவதாக ஒன்று சேர்கிறது: சாயங்காலம். "சாயங்காலம் வாசிக்கிறேம்மா" என்பது இதற்கு உதாரணம். இது மூன்றாம் காலத்தைவிட வேகமானதா, முதல் காலத்தைவிட மெதுவானதா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். வந்ததே தெரியாமல் போய்விடுவதால் வேகமானது என்பர் ஒருசாரார். இன்னும் வந்தே சேரவில்லை என்பர் மற்றொருசாரார் (பாட்டி கூற்று, கூடத்து ஊஞ்சல், காபிக்கு முன்).

இனித் தடைகள். வெயில்: மறுப்பதற்கில்லை. மின்வெட்டு: வீணைக்கு மின்சாரம் வேண்டாம் என்று அப்பா கண்டுபிடித்த நாள்முதல் செல்லாது. மெழுகு: வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகில் கரி கலந்து பதிக்கப்படுபவை. "வெயில்ல மெழுகு இளகி மெட்டு நகர்ந்திடுச்சு" என்பதில் அறிவியல் வாடை அடிப்பதால் பெற்றோர் தடுமாறுவர். தேன்மெழுகு உருக அறுபது டிகிரிக்கு மேல் வேண்டும். இளக அவ்வளவு வேண்டியதில்லை. உருகலுக்கும் இளகலுக்கும் நடுவே ஒரு மே மாதம் கழிந்துவிடுகிறது.

மாம்பழம் சித்தூரின் தனித்தடை. ஊரைச் சுற்றித் தோப்பு. தோப்பை அடுத்துக் கூழ் ஆலை. மாம்பழக் கையோடு தந்தியைத் தொடக்கூடாது என்பது வீட்டு விதி. தந்தியைத் தொட விரும்பாதவர் மாம்பழத்தைக் கீழே வைக்கக்கூடாது என்பது அதிலிருந்து பெறப்படும் கிளைவிதி (பெரியம்மா வாய்மொழி, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பில் குற்றம் பெரியப்பா மேல் இருந்தது).

அடுத்தது சொல்லாராய்ச்சி. தமிழில் புத்தகத்தையும் வாசிக்கலாம், வீணையையும் வாசிக்கலாம். கதைப்புத்தகத்தோடு ஒருக்களித்துப் படுத்திருக்கும் பிள்ளை "வாசிச்சிட்டுதானே இருக்கேன்" என்றால் இலக்கணப்படி பொய்யில்லை. தெலுங்கிலோ புத்தகத்துக்குச் 'சதுவு', வீணைக்கு 'வாயிஞ்சு' என வினை வேறு. ஆகவே வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் இந்தச் சாக்கை அம்மாவிடம் மட்டுமே சொல்வர், தெலுங்கு டீச்சரிடம் சொல்வதில்லை. வீணையைப் பற்றி வண்டி வண்டியாக வாசித்து, வீணையை ஒருநாளும் வாசிக்காத அறிஞர்கள் முனைவர் பட்டம் பெறுவதும் தமிழின் இந்தச் சலுகையால்தான் என்று ஒரு கருத்து உண்டு. இங்கு அதை விரிப்பது உசிதமன்று.

ஊக்கங்கள்: திட்டு, மூன்று நாள் தாங்கும். ஐஸ்கிரீம், உருகும்வரை. ஊர்ப்பெருமை, "நம்ம சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954-லயே சங்கீத கலாநிதி, தெரியுமா?" என்று தொடங்கி, "அவர் பாட்டுதானே, வீணை இல்லையே" என்பதில் முடியும். திருப்பதியில் 1959 முதல் இருக்கும் தேவஸ்தான இசைக் கல்லூரியைக் காட்டினால், அங்கே எத்தனை நாள் லீவு என்று கேள்வி வரும்.

இவையெல்லாம் தோற்ற இடத்தில் வெல்வது உறவினர். கோடையில் திருமலையில் கூட்டம் பெருகும். திருப்பதியில் வீடு உள்ளவர்க்கு உறவும் பெருகும். மொட்டைத்தலையில் சந்தனத்தோடு கூடத்தில் கால்நீட்டி, லட்டை உதிர்த்துக்கொண்டே அவர்கள் கேட்பது ஒன்றே: "பாப்பா, ஏதாச்சும் வாசியேன்." இதற்கு அஞ்சியே வீணையின் உறை கழற்றப்படுகிறது. உறவினர் மூவகைப்படுவர். முன்பதிவினர் வரும் நாள் தெரியும். சாதகம் முந்தின வாரமே தொடங்கும். இலவச தரிசன வரிசைக்காரர் எப்போது இறங்குவார் என்பது பெருமாளுக்கே தெரியாது. அவர் மலைமேல் உள்ளவரை வீணை பிள்ளையின் மடியில் இருக்கும். ஆராய்ச்சிச் சுவை மிகுந்தது மூன்றாம் வகை. அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறியவர் கீழே வந்ததும், சுருதி சேர்த்து முடிப்பதற்குள் தூங்கிவிடுவார். பிள்ளைகள் பெரிதும் மதிப்பது இவரையே (மாமா குறட்டைச் சுவடி, மூன்றாம் ஏடு, இடப்பக்கம் புரண்ட பிரதி, வலப்பக்கம் புரண்ட பிரதியில் நடுவே ஓர் இருமல் காணப்படுகிறது, அது பாடபேதமா இடைச்செருகலா என்பதில் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று).

எல்லார்க்கும் வாசிக்கப்படுவது மோகன ராகத்து 'வரவீணா' கீதம் ஒன்றே. ஆகவே கோடை முடிவில் அது மட்டும் பளபளக்க, மற்றவை பங்குனியில் விட்ட இடத்திலேயே நிற்கும்.

சித்தூருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. வேலூர்ப் பக்கத்து உறவினர் பேருந்து ஜன்னலில் கையசைத்துக் கடந்துவிடுவர். கையசைப்புக்குக் கீதம் தேவையில்லை. காணிப்பாக்கம் பிள்ளையாரைக் கும்பிட வந்தவர் சிலர் எட்டிப்பார்ப்பதுண்டு. அவர்கள் கையிலும் உடனே மாம்பழம் கொடுக்கப்பட்டுவிடும்.

ஜூன் 12-க்குப் பின் உறவினர் குறைவர். சாயங்காலத்தை டியூஷன் எடுத்துக்கொள்வதால் நான்காம் காலம் வழக்கொழியும்.