பவர் எழுதிக் கொடுத்த மாப்பிள்ளை

என்னமோ போனுக்குள்ள பெகாசஸ் பூந்துருச்சுங்கிறீங்க மாப்ள. அது இஸ்ரேல் கம்பெனிக்காரன் செஞ்சு அரசாங்கங்களுக்கு வித்த சாமான். 2021-ல பேப்பர் பூரா நாறுச்சே, பத்திரிகைக்காரங்க, கட்சித் தலைவருங்கன்னு யார் யாரு பேரோ அடிபட்டுச்சே, அதுதானே? தொட வேணாம், தட்ட வேணாம், தானா உள்ள போயி உக்காந்துக்கும். ஆனா அதுக்குக் கோடிக்கணக்குல செலவு. திருமங்கலத்துல வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு, மாசக் கடைசியில பெட்ரோலுக்கு ஏங்கிட்டயே கைமாத்து வாங்குற ஒங்க போனுக்குள்ள வர்றதுக்கு அந்த இஸ்ரேல்காரனுக்கு என்ன வேண்டுதலா? ஒங்க கெத்தை நீங்க கூட்டிச் சொல்லிக்கிறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா வந்தவன் வாட்ஸ்அப்புல வந்தான். டிராஃபிக் சலான்னு பேரு வச்சுக்கிட்டு, வாலுல ஏபிகேன்னு ஒட்டிக்கிட்டு வந்தான்.

ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டுறவருக்கு அபராதம்னு வந்தா நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும். நெசமாவே அபராதம் வந்திருந்தா பரிவாகன் தளத்து முகவரியை நம்ம கையால அடிச்சு, வண்டி நம்பரைப் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சுபோகும். எந்த ஆர்டிஓ ஆபீசும் வாட்ஸ்அப்புல ஏபிகே அனுப்பாது. கல்யாணப் பத்திரிகைன்னு வர்ற ஏபிகேக்கும் இதே கதைதான். பத்திரிகைன்னா படமா வரும், பிடிஎஃப்பா வரும். அதை ஆப்பா இன்ஸ்டால் பண்ணித்தான் முகூர்த்த நேரம் பாக்கணும்னா அந்தக் கல்யாணத்துக்கு மொய் எம்புட்டுன்னு அவனே முடிவு பண்ணி எடுத்துக்கிருவான்.

“லிங்கைத் தொட்டேன், அவ்வளவுதான்”னு எம்மகள்ட்ட சொல்லியிருக்கீங்க. அவளும் நம்பிட்டா. ஒங்க போனை வாங்கி ஒவ்வொரு எடமாப் பாத்தவனுக்குல்ல தெரியும். வெளியில இருந்து வர்ற ஆப்பை உள்ள விடமாட்டேன்னு போனு சொல்லியிருக்கு. செட்டிங்ஸுக்குப் போயி நீங்க வழி தெறந்து விட்டிருக்கீங்க. பிளே புரொடெக்ட் சிவப்பாக் காட்டிக் கத்தியிருக்கு. பரவால்ல, போடுன்னு அமுக்கியிருக்கீங்க. எஸ்எம்எஸ் படிக்கட்டுமான்னு கேட்டிருக்கு, தாராளமான்னுட்டீங்க. அபராத ரசீதுக்கு ஏன் எஸ்எம்எஸ் படிக்கணும்னு ஒங்களுக்குத் தோணல. கடைசியா அக்சஸிபிலிட்டி. ஆண்ட்ராய்டு 13-லயிருந்து, இப்பிடி வெளிய வாங்குன ஆப்புக்கு அந்த அனுமதியைக் குடுக்கவிடாம போனே மறிச்சு நிக்கும். மூலையில இருக்கிற மூணு புள்ளியைத் தேடித் தொட்டு, அந்த மறியலையும் எடுத்துவிட்டாத்தான் குடுக்க முடியும். தேடித் தொட்டிருக்கீங்களே மாப்ள! வீட்டுல கேஸ் சிலிண்டர் மாட்டத் தெரியாதும்பீங்க.

அந்த அக்சஸிபிலிட்டி நல்ல காரியத்துக்கு வச்சது. கண்ணு தெரியாதவங்களுக்குத் திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்லும், கை ஒத்துழைக்காதவங்களுக்குப் பதிலாத் தட்டிக் குடுக்கும். அதைக் களவாணிட்டக் குடுத்தா, நீங்க பாக்குறதெல்லாம் அவன் பாப்பான், நீங்க அடிக்கிற பின் நம்பரை அவன் படிப்பான், ஓகேங்கிற எடத்துல ஒங்களுக்குப் பதிலா அவனே அமுக்குவான். ரிஜிஸ்டர் ஆபீசுல போயி, முன்னப்பின்னத் தெரியாதவனுக்கு ஜெனரல் பவர் எழுதிக் குடுத்த மாதிரிதான். பத்திரத்துல கையெழுத்து ஒங்களுது. அப்புறம் எவனோ ஒடைச்சு உள்ள வந்துட்டான்னு ஊருக்குள்ள சொன்னா எப்பிடி?

சரி, யாரு அனுப்புனா? மூத்த மாப்பிள்ளை. அவரு அனுப்பல, அவரு போன்ல ஏற்கெனவே குடியிருந்தவன் அனுப்புனான். அந்த ஆப்பு உள்ள வந்ததும் செய்யிற மொத வேலையே, நம்ம பேருல நம்ம சாதிசனத்துக்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கிறதுதான். அதனாலதான் தெரிஞ்ச நம்பர்லயிருந்து வருது, அதனாலதான் தொடுறோம். ஒங்க போன்லயிருந்து ஒங்க மேனேஜர் வரைக்கும் போயிருக்கு. எனக்கு மட்டும் வரல. பட்டன் போனுக்கு அதுல வழியில்லையாம். போன தீவாளிக்கு அதைக் கையில எடுத்துப் பாத்து, “மியூசியத்துல வைக்கலாம் மாமா”ன்னு சிரிச்சீங்க.

ரயிலடியில சார்ஜ் போட்டாக் களவு போயிருமாமே, அது நெசமான்னு கேக்குறீங்க. சொந்தச் சார்ஜரை நேரா பிளக்குல மாட்டுனா அந்தக் கவலையே இல்ல. பேச்சு பெருசா இருக்கிற அளவுக்கு அந்த வழியில களவு போறதைக் காணோம். ஏபிகேயும் ஓடிபியும் இருக்கிற வரைக்கும் அவன் ஏன் ரயிலடியில ஒயரைப் புடிச்சுக்கிட்டு நிக்கப்போறான்? அதைவிட, சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்குன்னு போனு தினமும் கேக்குது, நீங்க தினமும் “அப்புறம்”னு தள்ளுறீங்களே, அதுக்குக் கவலைப்படுங்க. ஒங்க தம்பிக்கும் சொல்லி வைங்க. கொரியர்காரன்னு பேசுறவன் ஸ்டார் போட்டு 401-ன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் அடிக்கச் சொல்லுவான், அடிச்சா ஒங்களுக்கு வர்ற காலெல்லாம் அவனுக்குப் போகும். அடிச்சுத் தொலைச்சிருந்தா ##002# அடிச்சுப் பாக்கணும், நிக்கலைன்னா சிம் கம்பெனிக்குச் சொல்லி நிப்பாட்டணும்.

நான் கோவப்படுறது இதுக்கெல்லாம் இல்ல மாப்ள. ஏமாறாதவன் எவன் இருக்கான்? சாயங்காலம் 18,000 ரூபாய் போயிருச்சுன்னு மெசேஜ் வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க? போனைக் கவுத்துப் போட்டுட்டு, தலை வலிக்குதுன்னு படுத்துட்டீங்க. நெட்டு ஓடுது, வைஃபை ஓடுது, அவன் ஒங்க போனுக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். நடுராத்திரிக்கு மேல இன்னொரு 30,000 போச்சு. மொதப் பதினெட்டாயிரம் அவன் சாமர்த்தியம். அந்த முப்பதாயிரம் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்க குடுத்த காசு.

அந்த நிமிசம் ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையும் நின்னுருச்சான்னு பாத்திருக்கணும். சிம்மைக் கழட்டி ஏம் பட்டன் போன்ல போட்டிருந்தா ஓடிபி பூரா இங்க வந்திருக்கும், அவன் அங்க விரல் சூப்பிக்கிட்டு இருந்திருப்பான். ஒங்க சிம்மு நகத்தளவு இருக்கு, ஏம்போன்ல அது நிக்காது, அதுக்குன்னு ஒரு பிளாஸ்டிக் சட்டம் கடையில விக்கிறாய்ங்க. பின்ன நேரா 1930. மொதல்ல 155260-ன்னு இருந்த நம்பர்தான் இப்ப நாலு இலக்கமா ஆயிருக்கு. எந்த பேங்கு, எம்புட்டு, எத்தனை மணிக்கு, மெசேஜுல இருக்கிற டிரான்சாக்சன் நம்பர் என்னன்னு கேப்பாங்க. சொன்னா அங்கயிருந்தே பேங்குகளுக்குச் சேதி போகும். களவாணிப்பய காசை ஒரே கணக்குல வச்சிருக்க மாட்டான். வாடகைக்குப் புடிச்ச கணக்கு ஒண்ணுலயிருந்து இன்னொண்ணுக்குத் தள்ளி, கடைசியில ஏடிஎம்ல உருவிருவான். உருவுறதுக்குள்ள சேதி போயிருச்சுன்னா நிக்கிற எடத்துலயே காசை மறிச்சுப் போடலாம். விடிஞ்சு, குளிச்சு, சாமி கும்புட்டுட்டு வந்து சொன்னா மறிக்கிறதுக்கு என்ன இருக்கும்?

பேங்குக்கும் அதே கையோட சொல்லணும். 2017 ஜூலையில ரிசர்வ் பேங்கு போட்ட விதி இப்பிடிச் சொல்லுச்சு. தப்பு ஒங்க பேருலயும் இல்ல, பேங்கு பேருலயும் இல்ல, நடுவுல எவனோ பண்ணதுன்னா, பேங்குலயிருந்து தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொன்னவருக்கு நட்டமில்ல. ஒங்க அசட்டையால போச்சுன்னா, நீங்க சொல்ற வரைக்கும் போனது ஒங்க தலையில, சொன்னதுக்கப்புறம் போறது பேங்கு தலையில. படுத்து எந்திரிச்ச ராத்திரிக்கு வெல எம்புட்டுன்னு இப்ப வெளங்குதா? பேங்கு நம்பரையும் கூகுள்ல தேடாதீங்க. அங்க கஸ்டமர் கேருன்னு போலியா நம்பரைப் போட்டுவச்சு இன்னொருத்தன் உக்காந்திருப்பான். ஏடிஎம் கார்டு முதுகுல அச்சடிச்சிருக்கு பாருங்க.

இப்ப போனுக்கு வருவோம். சேஃப் மோடுல எழுப்பி, அக்சஸிபிலிட்டியையும் டிவைஸ் அட்மினையும் பறிச்சுட்டு அந்த ஆப்பைத் தூக்கலாம். சில ஆப்பு ஐகானை ஒளிச்சுக்கும், செட்டிங்ஸ்ல ஆப் பட்டியலுக்குள்ள போயித்தான் தேடணும். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. போட்டோவை மட்டும் எடுத்து வச்சுட்டு ஃபேக்டரி ரீசெட் போட்டிருங்க. அதுக்கு முந்தி அந்த மெசேஜையும் பணம் போன விவரத்தையும் போட்டோ புடிச்சு வைங்க, போலீசு கேக்கும். ரீசெட் முடிஞ்சு பழைய ஆப்பையெல்லாம் அப்பிடியே மீட்டுக் கொண்டாராதீங்க, பிளே ஸ்டோர்லயிருந்து ஒண்ணொண்ணாப் போடுங்க. பாஸ்வேர்டை எம்மக போன்லயிருந்து மாத்துங்க. ஜிமெயில்தான் மொதல்ல, மத்த பாஸ்வேர்டெல்லாம் அதுவழியாத்தான் மாறுது. வாட்ஸ்அப்புல லிங்க்டு டிவைசஸ்னு இருக்கிறதைத் தெறந்து, தெரியாத கம்ப்யூட்டர் எதுனாச்சும் ஒட்டிக்கிட்டிருந்தாத் தட்டி விடுங்க. டூ ஸ்டெப் பின்னும் போட்டுக்கங்க. குடும்பக் குரூப்புல, “எம்பேருல வந்ததைத் தொடாதீங்க”ன்னு ஒரு வரி எழுதுங்க. மரியாதை போயிரும்னு பாக்காதீங்க, ஒங்க சலான் ஏற்கெனவே ஒங்க மாமியாருக்கு வந்துருச்சு.

இன்னும் நாலு நாள்ல ஒருத்தன் கூப்புடுவான். “சைபர் கிரைம்லயிருந்து பேசுறேன், ஒங்க பணம் கெடைச்சிருச்சு, பிராசஸிங் பீஸ் மட்டும் கட்டுங்க”ம்பான். ஏமாந்தவங்க நம்பருக்குக் களவாணிங்க கிட்ட மதிப்பு ஜாஸ்தி. புகார் குடுத்தவர்ட்டப் போலீசு பீஸ் கேக்காது. கியூஆரை ஸ்கேன் பண்ணி யூபிஐ பின்னைப் போட்டாப் பணம் உள்ள வரும்னு சொன்னா, சிரிச்சுட்டு வச்சிருங்க. பணம் உள்ள வர்றதுக்குப் பின் போட வேண்டியதே இல்ல.

மூத்த மாப்பிள்ளைக்கு இன்னும் முழுச் சேதி சொல்லல, போன் எப்பிடியிருக்குன்னு மட்டும் கேட்டேன். “ஏம் போன்ல ஒண்ணுமில்ல மாமா, சார்ஜுதான் சீக்கிரம் எறங்குது”ங்கிறாரு. சாயங்காலம் வர்றாரு, அவரு முன்னாடி சிரிக்காம இருங்க.

அதுக்குள்ள நீங்க புது பின் போட்டிருங்க. 1234 வேணாம், வண்டி நம்பர் வேணாம். எம்மக பொறந்த நாளை வைக்கலாம்னு நெனைக்காதீங்க. ஊருக்கே தெரிஞ்ச தேதி அது. ஒங்களுக்குத்தான் வருசா வருசம் மறந்து போகுது, அப்புறம் போனைத் தெறக்க ஏங்கிட்டத்தான் வந்து நிக்கணும்.