தாத்தாவுக்கு வரும் போன்கள்

என் தாத்தா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் அதிகமாக போன் வருவது அவருக்குத்தான்.

பீளமேட்டில் ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். தீபாவளி போனஸில் ஒரு பகுதியைப் பாட்டிக்குத் தெரியாமல் ஷேர்களில் போட்டு வைத்தார். பாட்டியிடமிருந்து மறைத்தது நாளடைவில் எங்களிடமிருந்தும் மறைந்து போனது. அது நொய்டாவிலோ எங்கேயோ ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பையனுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று வெகுநாள் குழம்பினேன். அவன் எந்த கம்ப்யூட்டரையும் உடைத்துப் புகவில்லை. பங்குதாரர் வாங்காத டிவிடெண்ட் இருந்தால் அவர் பெயர், கடைசியாகத் தெரிந்த முகவரி, எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் கம்பெனி தன் வலைத்தளத்தில் போட்டாக வேண்டும் என்பது 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டம். பங்குதாரர் பதிவேட்டையும் கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். வாரிசுகள் பார்த்துக் கேட்டு வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. வாரிசுகளைத் தவிர மற்றவர்கள் பார்க்கிறார்கள். முகவரி கிடைத்த பிறகு போன் நம்பருக்கா பஞ்சம்? ஜவுளிக்கடை பில் போடுகிற இடத்தில் கேட்டாலே சத்தமாகச் சொல்லிவிட்டு வருகிற ஜனங்கள் நாம்.

அந்த போன்களை எடுப்பவர் என் மாமா, தாத்தாவின் மூத்த மகன். மில் ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கோயமுத்தூர்க்காரர் ஆகையால் திட்டும்போதும் 'ங்க' குறையாது.

"பழனிசாமி சாரோட பேசணும்."

"பேசலாங். ஆனா அவரு ஆத்துப்பாலத்துல இருக்காருங்."

ஆத்துப்பாலத்தில் இருப்பது எங்கள் ஊர் மயானம். நொய்டாவுக்கு அது தெரியுமா?

"பரவாயில்ல சார், அங்க டவர் கிடைக்குமா?"

"அவருக்குக் கெடைக்காதுங் தம்பி. எங்கிட்டயே சொல்லுங்."

சொன்னான். தாத்தா பெயரில் பதினாலு லட்சம் ரூபாய்க்கு ஷேர் கிடக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கேட்காவிட்டால் கவர்மெண்ட் எடுத்துக்கொள்ளும், மீட்டுத்தர முப்பத்தைந்தாயிரம் கட்டணம், அதை இன்றைக்கே அனுப்ப வேண்டும். இதில் கால்வாசி நிஜம் என்பதுதான் விசேஷம். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் கிடந்தால் பணமும் பங்கும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போவது உண்மை. போனதைத் திரும்பக் கேட்க ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவம் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது, வெள்ளிக்கிழமையும் கிடையாது.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "ரொம்ப சந்தோசங் தம்பி. பதினாலு லட்சம் வரப்போவுது. உங்க முப்பத்தஞ்சாயிரத்த அதுலயே புடிச்சுக்கிட்டு மீதியக் குடுத்துருங்."

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை.

"சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல சார்."

"அப்ப ஆப்ஷனப் போடச் சொல்லுங். நாங் காத்திருக்கறேன்."

நிஜமாகவே காத்திருந்தார். அவன்தான் வைத்துவிட்டான். 'அதுலயே புடிச்சுக்கங்' என்ற இந்த ஒரு வரிக்கு முன்னால் நின்ற ஆள் இதுவரை இல்லை என்பது மாமாவின் பெருமை. எந்த வேஷத்தில் வந்தாலும் முதலில் நம் பக்கத்திலிருந்து பணம் கிளம்ப வேண்டும் என்பதில் மட்டும் அவர்கள் எல்லோரும் ஒரே கட்சி.

எனக்கு வருவது வேறு ரகம். என்னிடம் இருப்பது கொஞ்சம் சிமென்ட் ஷேர், கொஞ்சம் டயர் ஷேர். இரண்டையும் விற்றால் ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்கலாம். ஆனால் போனில் அந்தப் பெண், "உங்கள மாதிரி எக்ஸ்பீரியன்ஸ்டு இன்வெஸ்டருக்கு மட்டும்தான் சார் இத சொல்றோம்" என்றபோது முதுகு நிமிர்ந்ததை மறைப்பானேன்? வீட்டில் யார் என்னை சார் என்கிறார்கள்? நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டதில், அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு ஆண் குரல் வேறு யாரிடமோ, "உங்கள மாதிரி எக்ஸ்பீரியன்ஸ்டு இன்வெஸ்டருக்கு மட்டும்தான்" என்று சொல்வது தெளிவாகக் காதில் விழுந்தது. அதற்கும் பின்னால் யாரோ இந்தியில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு நல்ல வம்சாவளி உண்டு. 1990 வாக்கில் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் ஜோர்டான் பெல்ஃபோர்ட் என்பவர் ஒரு கூடம் நிறைய இளைஞர்களை உட்காரவைத்து, போனிலேயே குப்பைப் பங்குகளைத் தலையில் கட்டினார். 22 மாதம் சிறையில் இருந்தார், வெளியே வந்து புத்தகம் எழுதினார், 2013-ல் அது படமாகி டிகாப்ரியோ அவராக நடித்தார். பங்கு வாங்கி ஏமாந்தவர்களாக யார் நடித்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. படத்தில் அவர்களுக்கு முகமே இல்லை, போனின் மறுமுனையில் வெறும் குரல்தான். நம் நாட்டில் போன்வழி ஷேர் டிப்ஸுக்கு வெகுகாலம் பேர்போன ஊர் இந்தூர். இப்போது ஊர் என்று ஒன்று தேவையில்லை, சிம் கார்டு போதும்.

அந்தப் பெண் பணமே கேட்கவில்லை. "ஒரு வாரம் இலவசமா டிப்ஸ் தர்றோம் சார், பாத்துட்டு நம்புங்க" என்றாள். திங்கட்கிழமை ஏறும் என்றது ஏறியது. செவ்வாய் இறங்கும் என்றது இறங்கியது. வெள்ளி வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. மாமாவிடம் காட்டினேன். அவர் மேஜையில் கிடந்த பழைய டிவிடெண்ட் கவரைத் திருப்பிப் போட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கணக்கப்பிள்ளைக் கையெழுத்தில் மேலே 1024 என்று எழுதினார்.

"ஆயிரத்து இருவத்தி நாலு பேருக்கு போன் போடறான் மாப்ள. பாதிப் பேருக்கு ஏறும்ங்கறான், பாதிப் பேருக்கு எறங்கும்ங்கறான். ஏறுதுன்னு வைங்க. எறங்கும்னு சொன்னவங்கள அதோட உட்டர்றான். மிச்சம் 512 பேரு. மக்யா நாளும் அதேதான்." 512-க்குக் கீழே 256, அதற்குக் கீழே 128, 64, கடைசியில் 32. அந்த 32-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "வெள்ளிக்கெழம சாயங்காலம் இந்த முப்பத்திரண்டு பேருக்கும் அவன் கடவுள். நீங்க அதுல ஒருத்தருங்க."

டிப்ஸுக்கு அடுத்த படி வாட்ஸ்அப் குரூப். அதில் என்னைச் சேர்த்தார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர், எல்லோரும் லாபம். 'நன்றி சார், இன்று 40 ஆயிரம்.' 'குருஜி, மகள் கல்யாணச் செலவு முடிந்தது.' எனக்குச் சந்தேகம் தட்டியது லாபத்தைப் பார்த்து இல்லை. இருநூறு தமிழர்கள் உள்ள குரூப்பில் காலையில் ஒருவர்கூட ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் அனுப்பவில்லை. கட்சிச் சண்டை இல்லை. வெந்நீரில் சீரகம் போட்டுக் குடித்தால் சர்க்கரை போகும் என்று யாரும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு யாரும் 'லெஃப்ட்' ஆகவில்லை. மனுஷர்கள் இருக்கிற குரூப்பா அது?

அங்கிருந்து ஒரு ஆப் இறக்கச் சொல்கிறார்கள். அசல் டிரேடிங் ஆப்பின் அச்சு. போட்ட பணம் நாளுக்கு நாள் வளர்வதைத் திரையில் காட்டும். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்தின் கணக்கு வழியாக உங்களுக்கு மலிவில் பங்கு, ஐ.பி.ஓ.வில் நிச்சய ஒதுக்கீடு என்றெல்லாம் சொல்வார்கள். இந்தப் பேச்சை நம்பாதீர்கள் என்று பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி 2024 பிப்ரவரியிலேயே அறிக்கை விட்டது. லாபத்தை எடுக்கப் போனால் முதலில் வரியைக் கட்டு என்பார்கள். பங்கு விற்ற லாபத்துக்கு வரி உண்டுதான். அதை நாம் வருமானவரித் துறைக்குக் கட்டுவோம், குருஜியின் யு.பி.ஐ.க்கு இல்லை. மாமாவின் அந்த ஒரு வரி இங்கேயும் செல்லும்: அதுலயே புடிச்சுக்கங்.

"நாங்க செபி அப்ரூவ்டு சார்" என்று சான்றிதழையும் அனுப்பினார்கள். சிங்க முத்திரை, நீல மை, தங்க பார்டர். என் கல்யாணப் பத்திரிகைகூட அவ்வளவு நன்றாக இல்லை. ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ., ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை செபி தளத்தில் போட்டுப் பார்த்தேன், எண் இருந்தது! ஆனால் அது வேறு ஊரில் ஒழுங்காகத் தொழில் செய்யும் வேறொருவருடையது. தளத்தில் இருந்த அவருடைய நம்பரைக் கூப்பிட்டபோது, "நீங்களுமா?" என்றார் பாவம். இப்போது, 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்ற தரகர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் 'வேலிட்' என்ற சொல் வரும் தனி யு.பி.ஐ. முகவரி கொடுத்திருக்கிறார்கள். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் தெரியும். அந்தப் பெண் கொடுத்ததோ ஏதோ ஒரு 'ஸ்ரீ பாலாஜி டிரேடர்ஸ்' கணக்கு. எந்த ஊர் பாலாஜி ஷேர் வியாபாரம் செய்கிறார்?

இவ்வளவு கிண்டலையும் எங்கள் தெருவில் ஒருவர் வீட்டு வாசலில் நின்று செய்ய முடியாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்த்தால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று ஊரே பணம் கட்டி, ஆட்கள் ஓடிப்போய், கடைசியில் அரசாங்கம் வந்து அந்தப் பறவைகளுக்குத் தீவனம் போட்ட கதையைப் பையன்களுக்கு வகுப்பில் சொன்னவர். அவரே இப்படி ஒரு ஆப்பில் பணிக்கொடையைப் போட்டார். போனது தெரிந்ததும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்திருக்க வேண்டும். உடனே அடித்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் எங்காவது நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கத்தில் மனைவியிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து 'செபி ரெக்கவரி பிரிவு' என்று ஒரு போன். பறிபோன தொகையை மீட்டுவிட்டோம், பத்து சதவீதம் டெபாசிட் கட்டினால் திருப்பித் தருகிறோம். அவர் எவ்வளவு இழந்தார் என்பது ரூபாய் சுத்தமாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருக்குமா? எடுத்தவர்களே அவர்கள்தானே. இரண்டாவதையும் கட்டினார். அவர் மகன் இப்போது அவருடைய போனைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான், அது இன்னொரு அவமானம்.

தாத்தாவின் பங்கு விஷயம் அப்படியே கிடக்கவில்லை. மாமா தானே இறங்கினார். முதலில் கம்பெனியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் கூப்பிட்டபோது, பங்குப் பதிவாளர் ஆபீசைக் கேளுங்கள் என்றார்கள். பதிவாளர் ஆபீசில் எட்டை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று சொல்லி ஒரு வீணைக் கச்சேரியைப் போட்டுவிட்டுக் காணாமல் போனார்கள். சார் என்று யாரும் சொல்லவில்லை, வாழ்த்துகள் என்று யாரும் சொல்லவில்லை. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், நோட்டரி கையெழுத்து எல்லாம் சேர்த்து மாமா பதிவுத் தபாலில் அனுப்பினார்.

போன மாதம் பதில் வந்தது. கவரைப் பிரிக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அனுப்பிய காகிதங்கள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. பங்குப் பத்திரத்தில் ஆங்கிலத்தில் பழனிசாமி என்பதற்கு நடுவில் ஒரு டபிள்யூ இருக்கிறது, இறப்புச் சான்றிதழில் அது இல்லை, இருவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் தேவை.

எனக்கு ஆத்திரம் வந்தது. மாமா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு டபிள்யூ இல்லீன்னு திருப்பி உட்டுருக்கறான் பாருங் மாப்ள" என்றார், முகமெல்லாம் திருப்தியாக. "இவன் திருடன் இல்லீங்."