திரைக்கதைக் கங்காணிகள்

கங்காணி முறை ஒழிந்துவிட்டது என்று எங்கள் பள்ளிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. மலாயாவுக்கு ஆள் கட்டி அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடுத்ததோடு கதை முடிந்ததாம். எங்கே முடிந்தது? அந்தக் கங்காணி, வேலை மாறிக் கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஊரூராய்ப் போய் ஆள் பிடித்தவர், இன்றைக்கு நாவல் பிடிக்கிறார்.

தொழில் நுணுக்கம் எதுவும் மாறவில்லை. எழுத்தாளர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். "ஒங்க கதையப் படிச்சுட்டு ராத்திரி பூரா தூக்கமே வரலண்ணே" என்பார். முன்பணம் கொடுப்பார். முன்பணத்துக்குப் பின்பணம் கிடையாது என்பது பிற்பாடுதான் தெரியும். கையெழுத்து வாங்கிய மறுநாளே நாவலைக் கப்பலேற்றிவிடுவார். அக்கரையில் இறங்கும்போது நாவலின் பெயர் மாறியிருக்கும், வயது மாறியிருக்கும், கூட வந்த பெண்டாட்டி பிள்ளைகளில் பாதிப் பேரைக் காணோம். என்னய்யா ஆச்சு என்று கேட்டால், "சினிமா வேற மீடியம்ணே" என்று ஒரே பதில். எழுத்தாளரும் துரைக்கு முன்னால் நின்ற தோட்டத்துக் கிராணியைப் போலத் தலையாட்டிவிட்டு, டைட்டிலில் தன் பெயர் எத்தனை விநாடி நின்றது என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

ஆண்டிறுதி மழையில் எங்கள் ஊரான ஜொகூர் லாயாங் லாயாங்கில் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவர்களே வீட்டில் முடங்கிக் கிடக்கும் நாட்கள். தியேட்டரில் படம் பார்ப்பதென்றால் குளுவாங்குக்கோ கூலாய்க்கோ ஓட வேண்டும். கொட்டுகிற மழையில் யார் போவது? நாவல்களிலிருந்து எடுத்த தமிழ்ப் படங்களாகத் தேடிப் பிடித்து, நாவலை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்த்தேன். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

'பரதேசி'யைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை கொஞ்சம் கூடுதல். ரஜூலா கப்பலில் வந்து, லயத்தில் வாழ்ந்து, பால் வெட்டிச் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 2013-இல் பாலா இயக்கிய அந்தப் படம் வந்தபோது, 'நம் கதை' என்று எங்கள் பக்கத்தில் குடும்பம் குடும்பமாகப் பார்த்தார்கள். அது பால் ஹாரிஸ் டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலிலிருந்து வந்தது. தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர். கூலிகளின் நாடியைப் பிடித்த கை, அவர்களின் கதையையும் கேட்டு எழுதிவைத்தது. அந்த நாவலில் ஆபிரகாம் என்று ஒரு டாக்டர் வருகிறார். ஆட்களை மாடுகளாக நடத்தும் அந்தக் காட்டில் மனிதனாக நடந்துகொள்கிற படித்தவர் அவர். எழுதியவரும் டாக்டர், எழுத்துக்குள் வருகிறவரும் டாக்டர். இருவருக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை.

படத்தில் அந்த டாக்டருக்கு என்ன ஆனது? கொள்ளைநோயில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாகும்போது ஒரு டாக்டர் வருகிறார். வந்தவர் மருந்துப் பெட்டியைத் திறந்த கையோடு பொண்டாட்டியையும் சேர்த்துக்கொண்டு ஆடத் தொடங்குகிறார். பாட்டுப் பாடி, குதித்து, மதம் மாற்றுகிறார். வேடத்தைக் கொடுத்ததே டான்ஸ் மாஸ்டர் சிவசங்கருக்கு. வேறென்ன செய்வார், பாவம்!

டாக்டர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பது என் கவலையில்லை. நான் வருடா வருடம் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு நிற்கிறவன். தோட்டங்களில் மதம் பரப்பியவர்களைப் பற்றித் தனிப் படம் எடுங்கள், முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன். ஆனால் ஒரு டாக்டர் எழுதிய புத்தகத்தை வாங்கி, அதற்குள் இருந்த டாக்டரையே கோமாளியாக்கி, அதே புத்தகத்தின் பெயரைச் சொல்லி விற்பதற்குத் தமிழில் பெயர் உண்டு. உண்ட வீட்டுக்கு இரண்டகம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா நாற்பது வருடம் பால் வெட்டியவர். அந்தப் பாட்டு வந்ததும் கேட்டார், "ஏன் தம்பி, அந்த டாக்டரு எதுக்கு ஆடுறாரு?"

"புத்தகத்தில ஆட மாட்டாரு பெரியம்மா. படத்துக்காக."

"எங்க தோட்டத்து டிரசரு ஊசி போடவே கை நடுங்குவாரு. அவரு எங்கிட்டு ஆடுறது?"

விமர்சனம் அவ்வளவுதான். இதற்கு மேல் எந்தப் பத்திரிகையும் எழுதிவிடவில்லை.

நாவலில் கருப்பனும் வள்ளியும் புருஷன் பெண்டாட்டி. சேர்ந்தே மலையேறுகிறார்கள், சேர்ந்தே சீரழிகிறார்கள். எங்கள் பாட்டன் பாட்டி வந்ததும் அப்படித்தான். படத்தில் அவர்களுக்குப் பதில் ஒரு வெகுளிப் பையன், ஊரில் அவனுக்கு ஒரு காதலி, பாதிப் படம் வரைக்கும் கூத்தும் கேலியும். படம் வருமுன் ஒரு முன்னோட்டம் வேறு. இயக்குநர் கம்பை எடுத்து நடிகர்களைச் சாத்திச் சாத்தி, இப்படித்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். டம்மிக் கம்பு என்று பின்னால் விளக்கம் வந்தது. இருக்கட்டும். கங்காணியைப் பற்றிய படத்துக்குக் கம்பைக் காட்டி விளம்பரம் செய்யலாம் என்று தோன்றியதே, அந்த எண்ணம் டம்மியில்லை. படத்துக்குச் சிறந்த ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருது கிடைத்தது. கந்தலுக்குக் கிடைத்த மரியாதை, கந்தலைக் கட்டியிருந்தவர்களின் கதைக்குக் கிடைக்கவில்லை.

'அசுரன்' (2019) கதை வேறு. நல்ல படம், நான் மறுக்கவில்லை. அதற்கு மூலமான, பூமணி 1982-இல் எழுதிய 'வெக்கை' ஒரு பதினைந்து வயதுப் பையனின் நாவல். கொலை செய்துவிட்டு அப்பனோடு காட்டுக்குள் அலைகிற சிதம்பரத்தின் கண்ணால்தான் பூமணி எல்லாவற்றையும் பார்க்கிறார். படத்தை இயக்கிய வெற்றிமாறன் பஞ்சமி நிலத்தையும் செருப்பையும் கொண்டுவந்தார். அது நாவலில் இல்லாத கனம், வரவேற்கிறேன். ஆனால் பையன் எங்கே? அப்பனுக்குப் பின்னால் நிற்கிறான். தமிழ் சினிமாவின் கணக்கு எளிது. மீசை முளைக்காதவன் முகத்துக்கு யார் பேனர் கட்டுவார், யார் பால் ஊற்றுவார்? நாவலின் கண்ணைப் பிடுங்கி அப்பாவுக்குப் பொருத்திவிட்டார்கள்.

'பொன்னியின் செல்வ'னுக்கு வருகிறேன். நாட்டுடைமையான நூல், கேட்க நாதியில்லை. 2022-இல் ஒரு பாகம், 2023-இல் ஒரு பாகம். சோழர் கொடி பறக்க மலேசியத் தமிழர்களும் வரிசையில் நின்றோம். கல்கி ஐந்து பாகம் எழுதி, கடைசியில் யாரை வைத்து முடித்தார்? அரசனை அல்ல, தளபதியை அல்ல. வந்தியத்தேவனை மனதுக்குள் சுமந்து, அவன் மடியிலேயே உயிரை விடுகிற மணிமேகலையை வைத்து. படத்தில் அந்தப் பெண்ணே கிடையாது. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற முடிச்சும் கிடையாது. இரண்டு படம், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல், அதில் நாவலை முடித்துவைக்கிறவளுக்கு ஒரு நிமிடம் இல்லை. நேரமில்லையாம். குதிரை ஓடுவதற்கு மட்டும் நேரம் இருந்தது.

இதெல்லாம் புது வியாதி என்று நினைக்க வேண்டாம். சுஜாதாவின் 'பிரியா' லண்டனில் நடக்கிற நாவல். 1978-இல் படமானபோது சிங்கப்பூரில் இறங்கிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே, ஜொகூர் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணியில் போய்விடலாம். எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் லண்டனையே பெட்டியில் வைத்துக் கப்பலேற்றிய கங்காணி அன்றைக்கே இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக மாற்றுங்கள். அதே 1978-இல் மகேந்திரன் 'முள்ளும் மலரும்' எடுத்தார். உமாசந்திரன் நாவலில் காளியின் கையைப் புலி கொண்டுபோகும், படத்தில் லாரி. முடிவும் வேறு. ஆனால் காளியின் திமிர், தங்கை மேல் அவனுக்கிருந்த பைத்தியம், இவற்றின் மேல் மகேந்திரன் கை வைக்கவில்லை. அடுத்த வருடம் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது சொற்பம். ஆனாலும் பெயரைப் போட்டார். எடுத்ததைவிட அதிகமாகக் கடன் சொன்ன மனிதரைக் கோடம்பாக்கம் அதற்குப் பிறகு பார்த்ததா தெரியவில்லை. வெற்றிமாறனே 'விசாரணை'யில் பின்பாதியைப் புதிதாகச் சேர்த்தார். மு. சந்திரகுமார் என்கிற கோவை ஆட்டோ ஓட்டுநர் போலீஸ் கொட்டடியில் வாங்கிய அடி, 'லாக்கப்' நூலில் எப்படி விழுந்ததோ அப்படியே முன்பாதியில் விழுகிறது. படம் வெனிஸ் விழா வரை போனது. எழுதியவரின் பெயரும் கூடவே போனது. முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? முடியாது என்பவர்களுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

முன்பணமாவது கொடுக்கிற கங்காணி ஓர் இனம். அதுவுமில்லாமல் ஆள் கடத்தியதாகப் புகார் வாங்குகிற இனம் இன்னொன்று. ஆரூர் தமிழ்நாடன் 1996-இல் 'இனிய உதயம்' இதழில் 'ஜுகிபா' என்று ஒரு ரோபோ கதை எழுதினார். 2010-இல் 'எந்திரன்' வந்ததும் என் கதை என்று வழக்குப் போட்டார். உரிமையியல் வழக்கு 2023-இல் தள்ளுபடியானது. 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை, படத்தின் இயக்குநர் ஷங்கரின் சொத்துகளை முடக்கியது, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் ரசித்தது வேறொன்றை. நடுவில், 2024 செப்டம்பரில், சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' காட்சிகளை அனுமதியில்லாமல் மற்றவர்கள் படத்தில் பயன்படுத்துகிறார்கள், படைப்பாளிகளின் உரிமையை மதியுங்கள், சட்ட நடவடிக்கை எடுப்பேன் என்று பொதுவெளியில் கொதித்தார் ஒருவர். வேள்பாரியின் படமாக்கல் உரிமை அவரிடம் இருந்தது. அவர் பெயரும் ஷங்கர். அதே ஷங்கர்தான்.

எங்கள் நாட்டைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். 2016-இல் பா. இரஞ்சித்தின் 'கபாலி' எங்கள் ஊர்க் குண்டர் கும்பல்களின் கதையாக வந்தது. கடைசியில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு இயக்குநர் கேள்வியாக விட்டிருந்தார். மலேசியாவில் நாங்கள் பார்த்த படத்தில் அந்தக் கேள்விக்கு விடை எழுதியிருந்தது. கபாலி போலீசில் சரணடைந்துவிட்டாராம்! தணிக்கை வாரியத்துக்குள் இவ்வளவு பெரிய திரைக்கதை ஆசிரியர் ஒளிந்திருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. 2020 டிசம்பரில் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு தடை செய்தது. ஒரு விதத்தில் அமைச்சு கோடம்பாக்கத்தைவிட மேல். நாவலைப் படித்துவிட்டுத்தான் கொன்றது. படித்ததாகவே வைத்துக்கொள்வோம்.

சொந்தக் கதையைச் சொந்தமாகவே எடுத்தால்? சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்' எடுத்தார். தோட்டம் உடைந்து புறம்போக்கில் குடியேறியவர்களின் பிள்ளைகள் எப்படிக் கெட்டார்கள் என்பதைக் கெட்டவர்களின் வாய்மொழியிலேயே சொன்ன படம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லை என்று அதைத் தனிப் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். மலாய்க் கலைஞர்கள் சிலரே சண்டை போட்ட பிறகுதான் பந்தி ஒன்றானது. சிறந்த மலேசியத் திரைப்படம் 'ஜகாட்' என்று அறிவித்தார்கள். ஒரு கங்காணியும் இல்லாமல், ஒரு நட்சத்திரமும் இல்லாமல்.

கோடம்பாக்கத்திலிருந்து யாராவது அடுத்த கதைக்காக இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. 1942, 43-இல் ஜப்பான்காரன் எங்கள் தோட்டங்களில் புகுந்து ஆள் அள்ளிக்கொண்டு போய்ப் போட வைத்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்தின் கதை. போனவர்களில் திரும்பாதவர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் அல்ல, பல்லாயிரக்கணக்கில். நிபந்தனைகள் குறைவு. எழுதியவர் பெயரை நட்சத்திரத்தின் பெயருக்கு நிகராகப் போடுங்கள். காலரா வந்த இடத்தில் குத்துப்பாட்டு வைக்காதீர்கள். கதாநாயகன் தனியாளாக நின்று ஜப்பான் படையைச் சுட்டு வீழ்த்த வேண்டாம், அப்படி ஒருவன் இருந்திருந்தால் எங்கள் தாத்தாக்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால் நாவலைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டு வாருங்கள். இத்தனையும் முடியாதென்றால், தயவுசெய்து குளுவாங்கிலேயே இறங்கித் திரும்பிவிடுங்கள்.