சாவி திருகினால் ‘டக்’!

காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்ற ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களே, நியாயமா?

அதன் பூர்வீகமே கல்லாப்பெட்டிதானே!

நிஜமாகவே. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் முதலில் கேஷ் ரிஜிஸ்டருக்குத்தான் மின்மோட்டார் செய்தார். சின்ன மோட்டார், சில நொடி மட்டும் முழு மூச்சில் உழைத்தால் போதும் என்ற அதே யோசனை காருக்குப் போனது. 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை பெரும்பாலும் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். அது திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும்.

சாவியைத் திருகினால் சத்தம் மட்டும் வருகிறது. மோட்டார் போச்சா?

எத்தனை முறை ‘டக்’?

படபடவென்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரி சோர்ந்திருக்கும், அல்லது டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருக்கும். ஒரே ஒரு ‘டக்’ என்றால் சாலினாய்டு என்ற மின்சுவிட்ச் மீதோ மோட்டார் மீதோ சந்தேகப்படலாம். அப்போதும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்நுனி அளவு கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், அதை மட்டும் மாற்றலாம்.

பொருளின் விலையைவிடக் கூலி அதிகமாகுமா?

ஒளித்துவைத்த இடத்தைப் பொறுத்தது. காடிலாக்கின் நார்த்ஸ்டார் வி8 எஞ்சினில் ஸ்டார்ட்டர், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருந்தது. மேலே உள்ளதைக் கழற்றாமல் கை நுழையாது. செல்ஃப் ஸ்டார்ட்டரை உலகுக்குக் காட்டிய அதே கம்பெனிதான்!